எண் இல்லாத வரி

அந்த வரியை எழுத எனக்குப் பதினொரு நிமிடம் ஆனது. எங்கள் ஆபீஸில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று குறித்து வைக்க வேண்டும். 'மழைச் செய்தியிலிருந்து எண்ணைப் பிரித்தல், 11 நிமிடம்' என்று என் கையால் நானே குறித்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு முதலாளி பெனிஸ் சார், "கலக்கிட்ட சபீஹா" என்று சொன்னார். எனக்கும் அன்று தலைகால் புரியவில்லை. இப்போது அந்தக் குறிப்பு இருக்கிற பக்கத்தை நான் திறப்பதே இல்லை.

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் நாலு பேர். தேயிலை எஸ்டேட்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அப்படி வந்த வேலைதான் மேல்முடி எஸ்டேட் வேலை. பிக்கட்டியைத் தாண்டி, மலை செங்குத்தாக இறங்கும் பக்கம் இருக்கிறது அந்த எஸ்டேட். மூன்று டிவிஷன். டிவிஷனுக்கு ஒரு மழைமானி வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஓர் ஆள் அதை அளந்து எங்கள் ஆபீஸ் போனுக்கு வாட்ஸாப்பில் அனுப்புவார். என் நிரல் அந்தச் செய்தியிலிருந்து மழை அளவை எடுத்துக் கூட்டிப் பார்க்கும். இருபத்து நாலு மணி நேரத்தில் இருநூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த டிவிஷன் சங்கை ஊதும். சைரனைத்தான் எஸ்டேட்டில் சங்கு என்பார்கள். மழைச் சங்கு ஊதினால், சரிவுக்குக் கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஒன்றாம் டிவிஷனிலிருந்து '38' என்று வரும். இரண்டாம் டிவிஷனிலிருந்து '41' என்று வரும். சமர்த்துப் பிள்ளைகள். மூன்றாம் டிவிஷனிலிருந்து மட்டும் ஒரு கடிதமே வரும்.

'வணக்கம்ங்க அம்மிணி. 3ம் டிவிஷன் ஆறுக்குட்டி. காலை 6 மணி. மழை 42. ரோட்டுல 2 மரம் சாஞ்சு கெடக்குது. 14ம் நெம்பர் காட்டுல காட்டெருமை 5 நிக்குது, ஆளுகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்னு சொல்லியிருக்கனுங்க. உங்க ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?'

ஆறுக்குட்டி மூன்றாம் டிவிஷன் வாட்ச்மேன். ஐம்பத்தேழு வயது. முப்பத்து நாலு வருஷமாக அதே எஸ்டேட். மழை அளக்கிற வேலையும் அவருடையதுதான். நான் அவரை நேரில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் போனில் எத்தனை தடவை கத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

"ஏனுங்கண்ணா, நம்பரை மட்டும் அனுப்புங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"சரிங்க அம்மிணி. ஆனா எருமை நிக்கறதையும் சொல்லோணுமில்லீங்க?"

"எருமையை எனக்கு எதுக்குச் சொல்றீங்க? நானா அதுக்குப் புல்லு வெட்டிப் போடப்போறேன்?"

அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். "நாளையிலிருந்து நெம்பர் மட்டுந்தானுங்க" என்பார். மறுநாள் காலையில் பார்த்தால் வணக்கம்ங்க அம்மிணி. எனக்கு எரிச்சலான எரிச்சல். எனக்கு இயல்பாகவே மூக்கின் மேல் கோபம். இந்த மனிதரைத் திருத்த முடியாது, நிரலைத்தான் திருத்த வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பைத்தான் நிரல்மொழியில் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு சாய்கோடு, ஒரு டி, ஒரு பிளஸ். இந்த மூன்று குறிகளைக் கொடுத்தால் போதும், எவ்வளவு பெரிய கடிதமாக இருந்தாலும் அதிலுள்ள எண்களை எல்லாம் பொறுக்கி வரிசையாக வைத்துவிடும். ஆறுக்குட்டி அண்ணனின் கடிதத்தைக் கொடுத்தேன். 3, 6, 42, 2, 14, 5 என்று கொடுத்தது. இதில் மழை எது, எருமை எது? அதற்கும் வழி இருந்தது. அந்த மனிதர் எவ்வளவு வளவளத்தாலும் மழை அளவுக்கு முன்னால் 'மழை' என்று எழுதாமல் இருந்ததில்லை. எனவே, 'மழை' என்ற சொல்லைத் தேடு, அதற்குப் பின்னால் வரும் முதல் எண்ணை எடு, மிச்சத்தைத் தூக்கிப் போடு. பதினொரு நிமிடம். பழைய கடிதங்கள் நானூறைக் கொடுத்துச் சோதித்தேன். நானூறும் சரி.

மிச்சத்தைத் தூக்கிப் போடு என்றால் உண்மையிலேயே தூக்கிப் போட்டேன். எண் மட்டும் சிஸ்டத்தில் ஏறும், கடிதம் ஏறாது. அந்தப் போனில் செய்தி வந்தால் மணியடிக்காதபடியும் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்ன எழுதினார் என்று நான் படிக்கவே இல்லை. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று அவர் தினமும் இரண்டு வேளை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சங்கையும் சொல்லிவிட வேண்டும். முதலில் அது ஆறுக்குட்டி அண்ணன் கையில்தான் இருந்தது. கம்பத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சுவிட்ச். ஜூன் மாதம் ஒரு நாள், அளவு நூற்று நாற்பதுதான் இருந்தபோது, மண் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவராக ஊதிவிட்டார். வேலையில் இருந்த ஆட்களும் சேர்ந்து ஓடினார்கள். ஒன்றும் சரியவில்லை. அரை நாள் இலை பறிப்பு போயிற்று. மேனேஜர் குதித்தார். இனி சங்கை சாஃப்ட்வேர் மட்டுமே ஊத வேண்டும், கையால் ஊதுகிற வழியே இருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னார். நான்தான் அதைச் செய்து கொடுத்தேன். பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டில் கை வைத்தால் வேலையும் போகும், வீடும் போகும் என்று ஆறுக்குட்டி அண்ணனுக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். சங்கு ஊதாமல் வீட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினவர்களுக்கு மறுநாள் ஆப்சென்ட் போட்டார்கள்.

ஆகஸ்டில் அந்த வியாழக்கிழமை வந்தது. மேல்முடி இருக்கிற குந்தா பக்கம் மூன்று நாளாக விடாத மழை. குன்னூரில் வெறும் தூறல்தான். தென்மேற்கு மழை எங்கள் பக்கம் எப்போதும் அப்படித்தான், அங்கே கொட்டும், இங்கே சிணுங்கும். காலையில் மூன்றாம் டிவிஷன் 88 காட்டியது. எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. அன்று முழுவதும் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாலை ஆறு மணி நாலு நிமிடத்துக்கு மூன்றாம் டிவிஷன் அளவு ஏறியது.

9.

"அப்பாடா, விட்டுருச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், இங்கேயும் தூறல் நின்றிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தேன். கீழே பேக்கரியில் அம்மாவுக்கு வர்க்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதைச் சாப்பிடவும் செய்தேன்.

ஏழு நாற்பதுக்கு மேல்முடியில் மலை சரிந்தது. மேல் லைனில் இரண்டு வரிசை வீடுகள் அப்படியே போய்விட்டன. ஆறு பேர். அடுப்பில் சோறு வைத்துவிட்டுச் சங்குக்காகக் காத்திருந்தவர்கள். அதில் ஒருத்தி தாரிணி. இருபத்தாறு வயது. ஆறுக்குட்டி அண்ணனின் ஒரே மகள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் ஆபீஸைத் திறந்தேன். மூலையில் கிடந்த அந்தப் போனை எடுத்தேன். அவருடைய செய்தி ஒரு பக்கத்துக்கு நீளமாக இருந்தது.

'வணக்கம்ங்க அம்மிணி. 3ம் டிவிஷன் ஆறுக்குட்டி. மாலை 6 மணி. புது மானி மத்தியானமே ரொம்பி வழிஞ்சுருச்சுங்க, அதுல இனி அளக்க முடியாது. காலையில பழைய ஃபேக்டரி வாசல்ல இருக்கற செம்பு மானியையும் கவுத்துக் காலி பண்ணி வெச்சிருந்தேன், அதுல அளந்தனுங்க. மழை 9 இஞ்ச் 40 சென்ட். 2 வாட்டி அளந்து பாத்துட்டேன், தப்பில்லீங்க.'

அதற்குமேல் இன்னும் கொஞ்சம் இருந்தது. நீளமான செய்தியை வாட்ஸாப் பாதியில் மடித்து 'மேலும் படிக்க' என்று வைத்துவிடுமே, அப்படி மடித்து வைத்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. எனக்கு அதற்குமேல் ஓர் எழுத்தும் பார்க்கத் தெம்பில்லை.

ஒன்பது இஞ்ச் நாற்பது சென்ட். வெள்ளைக்காரன் காலத்துச் செம்பு மானி, இஞ்ச்சிலும் அதில் நூறில் ஒரு பங்கான சென்ட்டிலும்தான் அளக்கும். எஸ்டேட்டுகளில் காலம் காலமாக அதுதான் கணக்கு. இது எனக்குத் தெரியாதா? குன்னூர் மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர் மகள் நான். கடைக்கு வருகிற எஸ்டேட்காரர்கள் எல்லாம் "நேத்து ரெண்டு இஞ்ச் அடிச்சுருச்சு பாய்" என்றுதான் அத்தாவிடம் சொல்வார்கள். காது புளிக்கக் கேட்டு வளர்ந்தவள். ஊர் முழுக்க இஞ்ச்சில் பேசுகிறது, என் நிரலுக்கு மட்டும் இஞ்ச் என்றால் என்னவென்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. படித்த திமிர், வேறென்ன.

என் லேப்டாப்பில் இன்னொரு வரி சேர்த்தேன். எண்ணுக்குப் பின்னால் இஞ்ச் என்று வந்தால், சென்ட்டையும் அதோடு சேர்த்து இருபத்தைந்து புள்ளி நாலால் பெருக்கு. அவருடைய செய்தியைக் கொடுத்தேன். 238.76. ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பானது. அதற்கு எனக்கு மூன்று நிமிடம் ஆனது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "அல்லாவே, மூணே நிமிஷம்" என்று அழுதேன்.

பெனிஸ் சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"சபீஹா, இங்க பாரு. எஸ்டேட்ல சிஸ்டம் ரிப்போர்ட் கேட்டிருக்காங்க. நம்ம சிஸ்டத்துல என்ன இருக்கு? மூணாம் டிவிஷன், ஆறு மணி நாலு நிமிஷம், ஒம்பது. அவ்வளவுதான். அதைக் கொடுத்துட்டேன்."

"சார், அவரு சரியாத்தானே அனுப்பியிருக்காரு?"

"மில்லிமீட்டர்ல அனுப்பச் சொல்லித்தானே கொடுத்தோம்? இஞ்ச்ல அனுப்புன்னு நாமளா சொன்னோம்?"

"மானி வழிஞ்சு போச்சு சார்! வேற எதுல அளப்பாரு?"

"கத்தாத. இது வெளிய வந்தா உன்மேல கேஸு, என்மேல கேஸு, இந்த ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். அந்தப் போன்ல இருக்கறதை எல்லாம் அழிச்சுரு."

"சரி சார்" என்றேன். அழிக்கவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கொடுக்கவும் இல்லை. இதற்கு நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன், 'யோசிக்கிறேன்' என்று. பதினாறு நாள் யோசித்தேன். பயம்தான், வேறு ஒரு மண்ணும் இல்லை. ஜெயிலுக்குப் போவேனோ, அத்தா கடையில் தலைநிமிர்ந்து உட்கார முடியுமா, இதே யோசனை. "ஏன்மா, சோறு எறங்கலையா? மேலுக்கு முடியலையா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தலைவலி என்று சொல்லி வைத்தேன்.

இதற்கிடையில் அங்கே ஆறுக்குட்டி அண்ணனை உரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய போன், மகளைத் தேடிக் கையால் மண்ணைத் தோண்டும்போது எங்கேயோ விழுந்து புதைந்துவிட்டது. கோட்டாட்சியர் விசாரணையில் எங்கள் ரிப்போர்ட்டை அவர் முன்னால் வைத்தார்கள். ஒன்பது. 'நான் இஞ்ச்லதானுங்க போட்டேன், சங்கைப் பத்திக்கூடக் கேட்டனுங்க' என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்படி எதுவும் சிஸ்டத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அது பொய்யும் இல்லை. இன்னொரு பேச்சும் கிளம்பியது. மலை சரிகிற நேரத்தில் அவர் சங்குக் கம்பத்துக்குக் கீழே சும்மா நின்றுகொண்டிருந்தாராம். கம்பம் மேட்டில் இருக்கிறது, அதனால்தான் அவர் தப்பித்தார். தப்பான அளவை அனுப்பிவிட்டு, பெற்ற மகளைக்கூடக் கூப்பிடாமல், தான் மட்டும் மேட்டில் போய் நின்றுகொண்டான் என்று லைன் ஆட்களே பேசினார்கள்.

பதினைந்தாம் நாள், எங்கள் ஆபீஸில் வேலை செய்கிற கெஸியா, சர்ச்சிலிருந்து கம்பளி கொடுக்கப் போனவள், திரும்பி வந்து சொன்னாள்.

"அந்த வாட்ச்மேன் சம்சாரம், வேலாமணியாம் பேரு, அது அவரு மூஞ்சியிலயே முழிக்கறதில்லை சபீஹாக்கா. சோத்துத் தட்டைத் தூரமா வெச்சுட்டு நகந்துருது. அவரு அந்தத் தட்டையே பாத்துகிட்டு உக்காந்திருக்காரு. நாளைக்கு அவருகிட்ட கையெழுத்து வாங்குறாங்களாம். தப்பா அனுப்பினது நான்தான்னு."

விடிந்ததும் போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, மேல்முடிப் பக்கம் போகும் மஞ்சூர் பஸ் ஏறினேன். பாதி வழியில் ரோட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றது. பதினாறு நாள் சும்மா இருந்தவளுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பொறுக்கவில்லை. டிரைவரோடு சண்டை போட்டேன். "ஏம்மா, நானா மலையைச் சரிச்சுவிட்டேன்?" என்று அவர் கேட்டார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில்தான் முகாம், அங்கேயே ஒரு வகுப்பறையில்தான் விசாரணை. வராந்தாவில் ஆறுக்குட்டி அண்ணன் ஒரு சின்னப் பெஞ்சில், முதல் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கைப் பெருவிரலில் நீல மை. அந்த விரலில் நகம் பாதி இல்லை, மண் தோண்டியதில் போயிருக்கிறது. கொஞ்சம் தள்ளித் தரையில், சுவரைப் பார்த்தபடி ஓர் அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அதுதான் வேலாமணி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணா, நான் சபீஹா."

அவர் சட்டென்று எழுந்து நின்றார். "வாங்க அம்மிணி! ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

தலையை ஆட்டினேன்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா அண்ணா?"

"கையெழுத்துப் போட வெரலு மடங்கலீங்க. ரேகைதான் வெச்சேன். இப்பத்தான், ஒரு மணி நேரம் இருக்கும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மிணி, நானே உங்களுக்குப் போன் பண்ணோணும்னு இருந்தேன். நெம்பர் ஞாபகத்துல இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். நான் அன்னைக்கு என்னதானுங்க அனுப்பினேன்? இஞ்ச்னு போட்டாப்பலதான் எனக்கு ஞாபகம். ஆனா இத்தனை பேரு காகிதத்தைக் காட்டி ஒம்பதுன்னு சொல்றாங்களே. கண்ணு மங்கல், கை வேற வெறைச்சுப் போய்க் கெடந்துச்சு. நான்தான் தப்பா அடிச்சுட்டேனோ? எம்புள்ளைய நானே கொன்னுட்டேனோ அம்மிணி?"

பூண்டு உரிக்கிற கை நின்றது. வேலாமணி அக்கா திரும்பவில்லை.

"நீங்க சரியாத்தான் அனுப்பினீங்க அண்ணா. தப்பு என்னோடது" என்று சொல்லி, போனை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லை என்று அவர் கையை விரித்தார். "படிங்க அம்மிணி. சத்தமாப் படிங்க" என்றார்.

படித்தேன். வணக்கம்ங்க அம்மிணி. 3ம் டிவிஷன் ஆறுக்குட்டி. வழிந்த மானி, செம்பு மானி, 9 இஞ்ச் 40 சென்ட். "இரண்டு வாட்டி அளந்து பாத்துட்டேன், தப்பில்லீங்க" என்று படித்தபோது அவருக்கு மூச்சு பெரிதாக வந்தது. "பாத்தீங்களா, போட்டிருக்கேன், போட்டிருக்கேன்" என்றார். அங்கே செய்தி மடிந்திருந்தது. நான் பதினாறு நாளாகத் தொடாத 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டேன்.

'மேல் லைனுக்குப் பின்னால நெலம் வெடிச்சிருக்குதுங்க, கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுது. ஓடையில தண்ணி செவப்பா வந்துகிட்டு இருந்துச்சு, இப்ப திடீர்னு நின்னுபோச்சு. அது நல்லதில்லீங்க. ஊடு ஊடாப் போயிக் கதவைத் தட்டினேன். சங்கு ஊதட்டும் வர்றோம்ங்கறாங்க. எங்க தாரிணியே, போப்பா, ஆப்சென்ட் போட்டுருவாங்கன்னு சொல்லுது. மேனேஜரு ஊட்டிக்குப் போயிருக்காரு, யாருக்கும் போன் போகமாட்டேங்குது, மெசேஜ்தான் போகுது. சங்குப் பொட்டி பூட்டியிருக்குது. பூட்டை ஒடைச்சு ஊதட்டுங்களா? ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க அம்மிணி. கம்பத்துக்குக் கீழயே நிக்கறேன்.'

அவ்வளவுதான். அதற்குமேல் இல்லை. அந்தக் கேள்வியில் எண் எதுவும் இல்லை, அதனால் என் நிரல் அதை எடுக்கவில்லை. நான் வர்க்கி தின்றுகொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் அந்த மனிதர் மழையில், கையில் போனை வைத்துக்கொண்டு, என் ஒரு வார்த்தைக்காக அந்தக் கம்பத்தின் கீழே நின்றிருக்கிறார். பக்கத்தில் கல் கிடந்திருக்கும், பூட்டும் சின்னப் பூட்டுதான். நான் சரி என்று சொல்லவில்லை, அதனால் அவர் உடைக்கவில்லை.

"கேட்டிருக்கேன் பாருங்க" என்றார் ஆறுக்குட்டி அண்ணன். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. "கேட்டுட்டுத்தான் நின்னேன்."

வேலாமணி அக்கா எழுந்தார். மடியிலிருந்த பூண்டு தரையெல்லாம் சிதறியது. என் கையிலிருந்த போனையே பார்த்தபடி பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இது எப்ப உங்களுக்குத் தெரியுமுங்க அம்மிணி?"

"மறுநாள் காலையிலயே தெரியுங்க அக்கா."

"மறுநாள் காலையிலயா." அவருடைய உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன, நாட்களை எண்ணுவது போல. "புள்ளைய எடுக்கக்கூட இல்லீங்களே அப்ப. பதினாறு நாளு இந்த மனுசன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலீங்க. புள்ளை மேல மண்ணு போடறப்ப என் கையைப் புடிக்க வந்தாரு. தட்டிவிட்டனுங்க. அத்தனை பேரு பாக்கத் தட்டிவிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் அந்தச் சின்னப் பெஞ்சில் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் கையை எடுத்து, நகம் போன விரலைத் தன் முந்தானையால் துடைத்தார். மை போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். ஆறுக்குட்டி அண்ணன் என்னைப் பார்த்து, "விடுங்க அம்மிணி, நீங்க அப்பவே நெம்பர் மட்டும் அனுப்பச் சொன்னீங்க. நான்தான் கேக்கலை" என்றார்.

"இல்லைங்கண்ணா! இல்லை!" என்று கத்திவிட்டேன். முகாமே திரும்பிப் பார்த்தது. அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல், நேராக விசாரணை அறைக்குள் போனேன்.

கோட்டாட்சியர் சாப்பிடப் போயிருந்தார். எழுத்தர் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆறுக்குட்டி அண்ணனின் ரேகை வைத்த காகிதம் மேஜைமேல் இருந்தது. அதன் பக்கத்தில் போனை வைத்தேன். யார், எந்த ஆபீஸ், என்ன தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். கடைசியில், "இந்தப் போன் எத்தனை நாளா உங்க கையில இருந்துது?" என்று கேட்டார்.

"பதினாறு நாளுங்க. அந்தப் பதினாறு நாளும் அவரோட சம்சாரம் அவருகிட்ட பேசலீங்க. மகளை அடக்கம் பண்றப்ப அவரு போயிக் கையைப் புடிச்சதுக்கு..."

"அதெல்லாம் வேண்டாம்மா. நாள் கணக்கு மட்டும் சொல்லுங்க போதும்" என்றார் எழுத்தர்.

படிவத்தில் நாளுக்கான கட்டத்தில் 16 என்று அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.